சல்மா என்ற பெயர் பிறந்த கதை

ஸ்ரீரங்கத்தில் ரங்கராஜன்களுக்கு என்றுமே பஞ்சம் வந்ததில்லை. பெருமாள் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் ஊர் அது. உத்திர வீதியில் நின்றுகொண்டு “ரங்கராஜா” என்று குரல் கொடுத்தால் நாலு திண்ணையிலிருந்து “என்ன?” என்று பதில் வந்திருக்கும். அங்கே வளர்ந்து தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த எழுத்துக்காரர்கள் இருவருக்கும் வீட்டில் வைத்த பெயர் ரங்கராஜன்தான்.

ஒருவர் எஸ். ரங்கராஜன். பாட்டி வீட்டில் வளர்ந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். அவருடைய முதல் கதை 1953-இல், திருச்சியிலிருந்து வந்துகொண்டிருந்த ‘சிவாஜி’ இதழில் அச்சேறியது. பிறகு குமுதத்தில் எழுத வந்தபோது அங்கே ரா. கி. ரங்கராஜன் என்று இன்னொருவர் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தார். வாசகர்கள் குழம்பக் கூடாதென்று மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார். சுஜாதா அப்படித்தான் பிறந்தார். மற்றவர் டி. எஸ். ரங்கராஜன். இளம் வயதில் அவருக்கு ஓவியராக வேண்டுமென்று ஆசை. ஆனந்த விகடன் ஓவியர் மாலியைப் போல இவரும் வரவேண்டும் என்று விரும்பிய நண்பர் ஒருவர் ‘வாலி’ என்று பெயர் சூட்டினார். ஓவியம் போய்ப் பாட்டு வந்தது, பெயர் நின்றுவிட்டது.

இரண்டும் வெளிச்சத்துக்கு வருவதற்காக வைத்துக்கொண்ட பெயர்கள். நான்தான் இது, என்னை மற்றவர்களோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று ஊருக்குச் சொல்லும் பெயர்கள். இவை பிறந்த கதையில் எங்கேயும் பயம் இல்லை.

இதே திருச்சி மாவட்டத்தின் தென்கோடியில் மூன்றாவதாக ஒரு பெயர் பிறந்தது. அது பயத்தில் பிறந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

திருச்சியிலிருந்து மதுரை போகும் சாலையில் விராலிமலையைத் தாண்டினால் துவரங்குறிச்சி வரும். பொன்னம்பட்டி பேரூராட்சிக்குள் அடங்கிய ஊர். முஸ்லிம் குடும்பங்கள் நெருங்கி வாழும் தெருக்கள். ஒரு பள்ளிக்கூடம், ஒரு நூலகம், ஒரு சினிமாக் கொட்டகை. 1960-களின் இறுதியில் அங்கே பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு ரொக்கையா என்று பெயர். ராஜாத்தி என்றும் கூப்பிட்டார்கள். படிப்பில் ஆசை உள்ள பெண். ஊர் நூலகத்துக்குப் போய் உட்கார்ந்து கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பார். ரஷ்ய நாவல்கள் தமிழில் மலிவு விலையில் கிடைத்த காலம் அது. சின்ன ஊர் நூலகங்களிலும் டால்ஸ்டாயும் தஸ்தயெவ்ஸ்கியும் இருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் அவர்களைப் படித்த ஒரு குழந்தைக்குத் தன் தெருவைவிட உலகம் பெரியது என்று தெரிந்துபோகும். தெரிந்த பிறகு அதை மறக்கச் செய்ய யாராலும் முடியாது.

பதின்மூன்று வயதில் ஒருநாள் தோழிகளோடு சினிமாக் கொட்டகைக்குப் போனார். அவர்கள் போன நேரம், அங்கே ஓடியது பெரியவர்களுக்கான படம். செய்தி வீட்டுக்கு எட்டியது. பள்ளிக்கூடம் அன்றோடு முடிந்தது. அந்த ஊரில் வயதுக்கு வந்த பெண்களை எப்படியும் வீட்டில் நிறுத்திவிடுவார்கள். சினிமா ஒரு சாக்கு. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அது தண்டனை. கொட்டகைக்குப் போன பையன்கள் மறுநாளும் பள்ளிக்கூடம் போனார்கள் என்பதை அவர் பின்னாளில் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அந்தக் கோபம் அவர் எழுத்தில் இன்றும் ஆறவில்லை. ஆற வேண்டிய கோபமும் இல்லை அது.

அதன் பிறகு வீடுதான். திருமணம் வரைக்கும் ஒன்பது ஆண்டுகள். தெருவைப் பார்க்க ஒரு சின்ன ஜன்னல். மளிகைச் சாமான் பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாளைப் பிரித்து, மடிப்பு நீவி, அரைகுறையாக இருக்கும் செய்தியையும் படித்துவிடுவார். வீட்டு ஆண்கள் வழியாகப் புத்தகங்களும் சிற்றிதழ்களும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தன. கவிதை எழுதத் தொடங்கினார்.

இந்த இடத்தில் அதே ஊரின் இன்னொரு கவிஞரையும் நினைக்க வேண்டும். துவரங்குறிச்சியிலேயே, ஏறக்குறைய அதே வயதில், உறவுக்குள்ளேயே வளர்ந்தவர் அப்துல் ஹமீது. நமக்கு அவரை மனுஷ்யபுத்திரன் என்று தெரியும். அவருடைய முதல் தொகுப்பு 1983-இல் வந்துவிட்டது. அப்போது அவர் பதின்வயதில் இருந்தார். ரொக்கையாவின் முதல் தொகுப்பு வர 2000 ஆயிற்று. ஒரே ஊர், ஒரே தலைமுறை, இருவருக்கும் புனைபெயர், இருவருக்கும் இடையே பதினேழு ஆண்டு. திறமையாலோ உழைப்பாலோ வந்த இடைவெளி இல்லை இது. ஹமீதுக்கும் தடைகள் இருந்தன, அவற்றை அவர் தாண்டி வந்தார். ஆனால் எழுதுவதே குற்றம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

திருமணம் நடந்தது. புகுந்த வீட்டிலும் எழுத்துக்கு இடம் இல்லை. எழுதுவது தெரிந்தால் சண்டை வரும், தாள் கிழிபடும். எனவே இரவில், எல்லோரும் தூங்கிய பிறகு, கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார். ஒரு வீட்டில் ஒரு பெண் தனியாக இருக்கலாம் என்று அனுமதி உள்ள ஒரே இடம் அது. நின்றபடி, துண்டுத் தாளில், கதவு தட்டப்படுவதற்குள் முடித்தாக வேண்டிய எழுத்து. அவர் கவிதைகள் ஏன் அவ்வளவு சுருக்கமாக, அவ்வளவு நேராக இருக்கின்றன என்று விமர்சகர்கள் அழகியல் காரணங்கள் பல சொல்லலாம். எனக்கு அந்தக் கழிப்பறைக் கதவுதான் முதல் காரணமாகத் தெரிகிறது.

எழுதியதை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோக ஆள் வேண்டும். அதைச் செய்தவர் அவருடைய தாய். இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திய வீட்டில்தான் அந்தத் தாயும் இருந்தார். ஊர்க் கட்டை மீற அவரால் முடியவில்லை. ஆனால் மகள் மடித்துக் கொடுத்த தாளை யார் கண்ணிலும் படாமல் எடுத்துப்போய்த் தபாலில் சேர்க்க முடிந்தது. அதை அவர் ஒரு தடவை செய்துவிட்டு நிறுத்தவில்லை. தமிழ் இலக்கிய வரலாற்றில் இந்தத் தாய்க்கு ஒரு பக்கம் கொடுக்கலாம்.

தபாலில் போகும் கவிதைக்குக் கீழே ஒரு பெயர் வேண்டும். சொந்தப் பெயரைப் போட்டால் இதழ் ஊருக்குள் வந்த அன்றே வீட்டில் புயல். எந்தப் பெயரும் போடாவிட்டால் கவிதை அனாதை. இந்த இக்கட்டில்தான் ‘சல்மா’ பிறந்தது. முஸ்லிம் குடும்பங்களில் சாதாரணமாக வைக்கும் பெயர். எந்த ஊர், யார் மகள், யார் மனைவி என்று எதையும் காட்டிக்கொடுக்காத பெயர். முன்னெழுத்து கிடையாது, கணவர் பெயரும் கிடையாது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னும் பின்னும் வழக்கமாக ஓர் ஆண் நிற்பான். பயத்தில் வைத்த இந்தப் பெயருக்கு அப்படி யாரும் துணை நிற்கவில்லை.

புனைபெயருக்குப் பின்னால் நின்றுகொள்வதைப் பலர் கோழைத்தனம் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வங்காளத்தில் ராசசுந்தரி தேவி என்று ஒரு குடும்பப் பெண் இருந்தார். பெண் படித்தால் குடும்பம் கெடும் என்று நம்பிய பத்தொன்பதாம் நூற்றாண்டு வீட்டில், சமையலறையில் ஒரு புத்தகத்தின் ஒற்றை ஏட்டை ஒளித்துவைத்துக்கொண்டு, பிள்ளை எழுதிப் பழகிய ஓலையோடு அதை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் படிக்கக் கற்றுக்கொண்டார். அந்த அம்மாள் 1876-இல் வெளியிட்ட ‘அமார் ஜீபன்’தான் வங்காள மொழியில் வந்த முதல் தன்வரலாறு என்று சொல்கிறார்கள். இங்கிலாந்தில் பிராண்டி சகோதரிகள் மூவரும் 1846-இல் தங்கள் கவிதைகளை ஆண் பெயர்களைப் போல ஒலிக்கும் பெயர்களில்தான் அச்சிட்டார்கள். பெண்ணுக்கு வெளிப்படையான முதல் அடி மறுக்கப்பட்ட இடங்களில் எல்லாம், மறைவில் வைத்த அடிதான் முதல் அடியாக இருந்திருக்கிறது.

திருச்சி மாவட்டத்திலேயே இதற்கு வேறு வழிகளும் இருந்தன என்பதைச் சொல்லாவிட்டால் சித்திரம் முழுமையாகாது. காவிரிக் கரையில் தொட்டியத்தைச் சேர்ந்த திரிபுரசுந்தரி மருத்துவம் படித்துக்கொண்டே, படிப்புச் செலவுக்குப் பணம் வேண்டுமென்று கதை எழுதினார், ‘லக்ஷ்மி’ ஆனார், 1984-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். முசிறியில் 1925-இல் பிறந்த ராஜம் கிருஷ்ணன் பதினைந்து வயதில் மணமாகி, கூட்டுக் குடும்ப வேலைகளுக்கு நடுவே எழுதி, 1973-இல் தமிழுக்காக அந்த விருதைப் பெற்ற முதல் பெண் ஆனார். முஸ்லிம் சமூகத்துக்குள் பார்த்தால், நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938-இலேயே ‘காதலா கடமையா’ நாவலைச் சொந்தப் பெயரில் வெளியிட்டுவிட்டார், உ. வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை எழுதினார். ஆகவே, மதம் ஒன்றையே காரணம் காட்டிக் கதையை முடித்துவிடக் கூடாது. எந்த வீட்டில் யார் சம்மதித்தார்கள் என்பதுதான் ஒவ்வொரு பெண்ணின் எழுத்தையும் தீர்மானித்திருக்கிறது. நாகூரில் 1938-இல் கிடைத்த சம்மதம் துவரங்குறிச்சியில் அரை நூற்றாண்டு கழித்தும் கிடைக்கவில்லை.

கவிதைகள் அச்சில் வந்தன. ‘காலச்சுவடு’, நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி 1988-இல் தொடங்கிய இதழ்; அதைச் சேர்ந்த பதிப்பகம் 2000-இல் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. பிள்ளை பெற்று வயிற்றில் விழுந்த வரிகளைப் பற்றி, படுக்கையறையின் பேரங்களைப் பற்றி, ஒரு வீட்டுக்குள்ளேயே ஆயுள் கழிவதைப் பற்றி இவ்வளவு பதறாமல் யார் எழுதுகிறார்கள் என்று படித்தவர்கள் கேட்டார்கள். சல்மா என்ற பெயரை இலக்கியக் கூட்டங்களில் பேசினார்கள். அந்தப் பெயருக்கு உரியவரோ தெருவில் இறங்க முடியாமல் வீட்டுக்குள் இருந்தார்.

தன்னம்பிக்கையைப் பற்றி நம்மிடம் இருக்கும் எண்ணம் என்ன? முதலில் மனத்தில் துணிச்சல் வர வேண்டும், பிறகு காரியத்தில் இறங்க வேண்டும் என்பதுதான். மேடைப் பேச்சாளர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ரயில் நிலையப் புத்தகக் கடையில் வரிசையாக அடுக்கியிருக்கும் நூல்களும் அதையே சொல்கின்றன. துவரங்குறிச்சிக் கதையில் வரிசை தலைகீழ். துணிச்சல் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. பயத்தோடேயே எழுதினார், பயத்தோடேயே அனுப்பினார். அச்சில் வந்த பிறகு, தன்னை அறியாத ஒருவர் படித்து மதித்த பிறகு, உள்ளே ஏதோ ஒன்று ஊன்றியது. விதை முளைக்க இருட்டும் மண்ணும் தேவைப்படுவதுபோல அந்தப் புனைபெயர் சில ஆண்டுகள் அவருக்குத் தேவைப்பட்டது. வசவு வந்தால் அது சல்மாவுக்கு. ரொக்கையாவின் வீட்டில் அடுப்பு எரியும். பாராட்டு வந்தால் மட்டும் இருவருக்கும் சேரும். இந்த ஏற்பாட்டுக்குள் அவர் மெல்லத் தேறினார்.

ஆனால் தேறிய மனம் மட்டும் கதவைத் திறந்துவிடாது. அதைத் திறந்தது ஒரு சட்டம்.

அரசியல் சட்டத்தின் 73, 74-ஆவது திருத்தங்கள் 1993-இல் நடைமுறைக்கு வந்தன. ஊராட்சிகளிலும் நகர அமைப்புகளிலும் மூன்றில் ஒரு பங்கு இடம், தலைவர் பதவி உட்பட, பெண்களுக்கு என்றாயிற்று. தமிழ்நாட்டில் 1996-இல் அதன்படி முதல் தேர்தல், அடுத்தது 2001-இல். அந்த முறை பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவர் இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ரொக்கையாவின் கணவர் உள்ளூர் அரசியலில் இருந்தவர். இனி அவர் நிற்க முடியாது. வீட்டிலிருந்து ஒரு பெண் நின்றாக வேண்டும். ரொக்கையா நின்றார், வென்றார்.

இந்த ஒதுக்கீட்டைப் பற்றி எத்தனையோ குறை சொல்கிறோம். மனைவி பெயரில் பதவி, நாற்காலியில் கணவர், கையெழுத்துக்கு மட்டும் அம்மா என்று ஊருக்கு ஊர் கதை இருக்கிறது. அவற்றில் நிறைய உண்மையும் இருக்கிறது. துவரங்குறிச்சியிலும் அப்படித்தான் நடக்கும் என்று பலர் நினைத்திருப்பார்கள். நடக்கவில்லை. ஏனென்றால் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்த பெண்ணுக்கு ஏற்கெனவே ஒரு குரல் இருந்தது. ஊருக்குத் தெரியாமல் பல ஆண்டுகள் பழகி வைத்திருந்த குரல். தலைவராக வெளியே வந்த பிறகுதான், பத்திரிகைகளில் பேசப்படும் கவிஞர் சல்மா இவர்தான் என்பது ஊருக்கு முழுதாகத் தெரிந்தது. குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் மனு வாங்கும் பேரூராட்சித் தலைவரும், பெண்ணுடலைப் பற்றி எழுதிய கவிஞரும் ஒரே ஆள் என்றால் அந்த ஊருக்கு எப்படி இருந்திருக்கும்!

வெளியே வந்ததும் எல்லாம் சுகமாகிவிட்டது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. இந்த ஆண்டுகளில்தான் சல்மா, குட்டி ரேவதி, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகிய கவிஞர்கள்மேல் வசைமாரி பொழிந்தது. பெண்கள் தங்கள் உடலைப் பற்றித் தாங்களே எழுதுவது ஆபாசம் என்றார்கள், மிரட்டல்கள் வந்தன. சொல்லப்போனால், பெண்ணுடலை வருணித்தே பாட்டெழுதிச் சம்பாதித்த துறையிலிருந்தும் அந்தக் கண்டனம் வந்தது. முன்னே சல்மா என்ற திரைக்குப் பின்னால் நின்றிருந்தால் இந்தக் கல் எதுவும் நேராகப் பட்டிருக்காது. இப்போது திரை இல்லை. முகம் தெரியும், வீடு தெரியும். அந்த நிலையில் அவர் என்ன செய்தார் என்பதைத்தான் நான் துணிச்சல் என்பேன். 2003-இல் ‘பச்சை தேவதை’ தொகுப்பு. 2004-இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவல். முஸ்லிம் பெண்கள் வாழும் தெருவின் உள்கட்டை, அங்கே பேசப்படும் பேச்சை, மறைக்கப்படும் அழுகையை, சிரிப்பையும் சேர்த்து, நூற்றுக்கணக்கான பக்கங்களில் திறந்து வைத்தார். ஊரில் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. நாவல் நின்றது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2009-இல் வெளிநாட்டு வாசகர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

இந்தக் கட்டத்தில் பழைய புனைபெயரை விட்டுவிட்டுச் சொந்தப் பெயரில் எழுதத் தொடங்கியிருக்கலாம். ஒளிவதற்கு இனி எதுவும் இல்லை. அவர் விடவில்லை. தனக்கு மற்றவர்கள் வைத்த பெயர்கள் இரண்டு. தானே வைத்துக்கொண்டது இது ஒன்றுதான். 2006 சட்டமன்றத் தேர்தலில் மருங்காபுரித் தொகுதியில் தி.மு.க. வேட்பாளராக நின்று தோற்றார். பிறகு தமிழ்நாடு சமூக நல வாரியத் தலைவராக இருந்தார். 2013-இல் இங்கிலாந்து இயக்குநர் கிம் லாங்கினோட்டோ எடுத்த ஆவணப்படத்தின் பெயரும் ‘சல்மா’தான். அதில் துவரங்குறிச்சி வீடு வருகிறது. தாயும் கணவரும் உறவுக்காரர்களும் காமிரா முன்னால் பேசுகிறார்கள். ஒருகாலத்தில் தடுத்த மனிதர்கள், நடந்ததை மறைக்காமல் சொல்கிறார்கள். அந்தப் படத்தில் என்னை மிகவும் பாதித்தது அவர்களுடைய அந்தப் பேச்சு. ஒருவர் வெளிப்படையாக வாழத் தொடங்கினால் சுற்றியிருப்பவர்களுக்கும் உண்மை பேசுவது கொஞ்சம் சுலபமாகிறது.

2016-இல் ‘மனாமியங்கள்’ நாவல் வந்தது. அதே ஆண்டு தமிழ்நாடு உள்ளாட்சிகளில் பெண்களுக்கான ஒதுக்கீட்டை 50 சதவீதம் ஆக்கியது. 2025 ஜூனில் தமிழ்நாட்டிலிருந்து மாநிலங்களவைக்குப் போட்டியின்றித் தேர்வானவர்களில் ஒருவர் சல்மா. ஜூலை 25 அன்று அவையில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். பதின்மூன்று வயதில் பள்ளிப் படிப்பை இழந்தவர் நாட்டின் சட்டங்கள் எழுதப்படும் அவையில் உட்கார்ந்தார். தேர்தல் ஆவணங்களில் ரொக்கையா மாலிக். கட்சி அறிவித்தது, பத்திரிகைகள் எழுதியது, மக்கள் அறிந்தது கவிஞர் சல்மாவை.

இந்தக் கதையைச் சொல்லி முடித்த பிறகும் எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கிறது. பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பெண்கள் துவரங்குறிச்சியில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். எல்லோருக்கும் ஒரு நூலகப் பழக்கம், தாள் கடத்தித் தந்த தாய், ஊர் பேர் கேட்காமல் அச்சிட்ட இதழ், சரியான நேரத்தில் வந்த ஒரு சட்டம் என்று எல்லாமே சேர்ந்து வாய்க்கவில்லை. சல்மாவின் மனவலிமையைப் போற்றும்போது இந்த நாலையும் மறந்துவிட்டால், மற்ற பெண்களிடம் “உனக்குத்தான் துணிச்சல் போதவில்லை” என்று சொல்பவர்களாகிவிடுவோம். அது அநியாயம்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் மகளோ மருமகளோ எதையாவது மறைத்து எழுதுகிறார், வரைகிறார், படிக்கிறார் என்று தெரிந்தால், ஏன் மறைக்கிறாய் என்று கேட்காதீர்கள். எங்கே அனுப்ப வேண்டும் என்று கேளுங்கள். நீங்களே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். மறைத்து எழுதிக்கொண்டிருப்பவர் நீங்களாகவே இருந்தால், சொந்தப் பெயரில் வெளியே வரும் தைரியம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வேறு ஒரு பெயரில் இன்றே அனுப்புங்கள்.